இரண்டாவது மணி வரும்வரை

ஜூலை 3

அன்புள்ள வாலுவுக்கு,

நான் உன்னைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவிட்டேன் என்று உன் சம்பந்தி அம்மாள் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். நான் ஓடவில்லை. எழுபத்து நான்கு வயதில், நனைந்த புடவையோடு, வழுக்குப் பாறையில் ஓட முடியுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நான் ஓடவில்லை. அதை அந்த அம்மாளிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் சண்டையாகிவிடும்.

இங்கே நான் சௌக்கியம். சங்கிலி உரசிய உள்ளங்கையில் தோல் கூடிவிட்டது. உன் கால் எப்படி இருக்கிறது? தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள் என்று உன் மகன் போனில் சொன்னான். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்காதே. மருந்து மாத்திரையை மருமகள் எடுத்துத் தருவாள் என்று காத்திராமல் நேரத்துக்குக் கேட்டு வாங்கு.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அறுபத்தெட்டு வயது முடிந்ததற்கு அருவி காட்டு என்று நீதான் கேட்டாய். சுற்றுலா பஸ்ஸில் நான்தான் இடம் பதிவு செய்தேன். கீழ் அருவியையும் நடு அருவியையும் மேடையிலிருந்தே பார்த்தோம். மேல் அருவிக்கு முந்நூற்றுப் பத்துப் படி ஏறினோம். நீ இரண்டு இடத்தில் உட்கார்ந்தாய். மேலே தட்டைப் பாறை வரை போகலாம் என்று அனுமதி இருந்தது. நாமாக வரம்பு மீறிப் போகவில்லை. கணுக்கால் அளவுதான் தண்ணீர். சாரல் என் மூக்குக் கண்ணாடியில் படிந்து எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. நீ சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். பிறகு தண்ணீர் சட்டென்று ஏறியது. எச்சரிக்கை எதுவும் இல்லை. நான் பாறையோரம் கட்டியிருந்த பாதுகாப்புச் சங்கிலியைப் பிடித்தேன். உனக்குக் கால் வழுக்கியது.

இவ்வளவுதான் நடந்தது. மறுநாள் காலையிலேயே அருவி நிர்வாக அலுவலகத்துக்குப் புகார் தட்டச்சு செய்து பதிவுத் தபாலில் அனுப்பினேன். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்தேன். முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் தட்டச்சுப் பிரிவை மேய்த்தவள் எழுதிய புகார், அதைக் குப்பையில் போட முடியாது. எச்சரிக்க வேண்டியவர் விசில் ஊதவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன்.

உன் கையெழுத்தில் இரண்டு வரி வந்தால் எனக்கு நிம்மதி.

உன் நலம் நாடும்
அக்கா


ஜூலை 14

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவால் இன்னும் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். வலி குறைந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை. மாத்திரைகளுக்கு அலாரம் வைத்திருக்கிறோம், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அம்மா அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் டாக்டரையே சிரிக்க வைத்துவிட்டு ஊசி போட்டுக்கொள்கிறவர், இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். மயக்கம் தெளிந்த அன்று ஒன்றே ஒன்று கேட்டார்: "அக்கா விழலியே?" இல்லை என்றதும் தூங்கிவிட்டார்.

ஒரு செய்தி. விசில் ஊதும் வேலையில் இருந்த காவலரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். உங்கள் புகாரின் பேரில்தான். விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலையே போய்விடும் என்கிறார்கள். சரியான காரியம் செய்தீர்கள் பெரியம்மா. இல்லாவிட்டால் இவர்களுக்கெல்லாம் புத்தி வராது.

மாமியாரை நானே கண்டித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன் போன்றவன்


ஜூலை 20

அன்புள்ள வாலுவுக்கு,

உன் மகன் கடிதம் கிடைத்தது. பையனுக்கு எழுத்து ஒழுங்காக இருக்கிறது. வரிதான் மேலேறிக்கொண்டே போகிறது. கோடு போட்ட தாளில் எழுதச் சொல். நான் நலமாக இருக்கிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடித் தொட்டி நிறையும்போது குழாயில் ஒரு சத்தம் வருகிறது, முன்பெல்லாம் கவனித்ததில்லை. சமையலுக்குக் குக்கரை எடுப்பதை நிறுத்திவிட்டேன். அதன் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. பாத்திரத்திலேயே வேகவைக்கிறேன், நேரம்தான் கூடுதல். என் ஜன்னலுக்குக் கீழே நாற்சந்தியில் புதிதாக ஒரு போக்குவரத்துக் காவலர் வந்திருக்கிறார். காலையிலிருந்து மாலை வரை காரணமே இல்லாமல் விசில் ஊதுகிறார். அவர் மேலதிகாரிக்கும் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அருவி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அக்டோபரில் விசாரணை. நம் இருவரிடமும் எழுத்து மூலம் வாக்குமூலம் கேட்பார்கள். உனக்கும் ஒரு தாள் வரும். வந்தவுடன் எனக்குத் தெரிவி. அவசரப்பட்டு எதையும் நிரப்பாதே. மயக்கத்திலும் வலியிலும் இருந்தவளுக்கு நினைவு முன்பின்னாகத்தான் இருக்கும். அது உன் தப்பில்லை. தேவையில்லாமல் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நீ கேட்டாயாமே, நான் விழவில்லையே என்று. விழவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு வணக்கத்துடன் எழுதுவது. பென்சிலில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். படுத்துக்கொண்டு எழுதினால் பேனா மேல்நோக்கி மை விடமாட்டேன் என்கிறது. நீ சொன்னபடி கோடு போட்ட தாள்தான். நீ எப்படி இருக்கிறாய்? குக்கர் ரப்பர் வளையம் எந்தக் கடையிலும் கிடைக்குமே, ஏன் வாங்கவில்லை?

நான் இப்போது உலோக நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறை வரை பதினேழு அடி நடக்கிறேன். மருமகள் பின்னால் கைகளை விரித்துக்கொண்டு வருகிறாள், கோழி பிடிக்கிறவள் மாதிரி. மூன்றாவது மாடி என்பதால் தெரு தெரியாது. எதிர்க் கட்டடத்தில் ஒருவர் தினமும் மாலை நான்கு மணிக்கு ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார். அவர்தான் எனக்கு சினிமா.

அன்றைக்கு நடந்ததில் முக்கால்வாசி எனக்குப் பச்சைத் தண்ணீராகத்தான் இருக்கிறது. மேலும் கீழும் தெரியாமல் உருண்டேன். ஆனால் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. யாரோ என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். ஆரஞ்சுச் சட்டை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கியது. அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது ஆடி வந்து என் பல்லில் மோதியது. நீ நான்கு மாதம் நச்சரித்துக் கட்ட வைத்த பல் செட் உடைந்துவிட்டால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று அந்த நேரத்திலும் கவலைப்பட்டேன், பார். உடையவில்லை.

அவர் யார் என்று உனக்குத் தெரியுமா அக்கா?

விசாரணைத் தாள் வந்துவிட்டது. மூன்று கேள்வி. பாறையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? நுழைவாயிலில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தீர்களா? விசில் சத்தம் கேட்டதா, கேட்டிருந்தால் ஏன் உடனே கரையேறவில்லை? அக்டோபர் பத்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம்.

நீ என்ன எழுதச் சொல்கிறாயோ அதை எழுதிவிடுகிறேன். எப்போதும் போல.

உன் பதிலை எதிர்பார்க்கும்
வாலு


ஆகஸ்ட் 13

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். உன்னைத் தூக்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது. நான் சங்கிலிப் பக்கம் இருந்தேன். என் கண்ணாடியும் போய்விட்டிருந்தது.

தாளை இப்போது நிரப்ப வேண்டாம். யோசித்து எழுதுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? யோசித்து எழுதுகிறேன் என்றாய். பதினெட்டு நாளாகிறது. நீ ஒரு விஷயத்தை இவ்வளவு நாள் யோசித்து நான் பார்த்ததில்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் சொல்.

இங்கே ஒன்று நடந்தது. சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை அந்தக் காவலர் வந்தார். ஆஸ்பத்திரியில் விலாசம் வாங்கி, நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஆரஞ்சுச் சட்டை இல்லை, சாதாரணக் கோடு போட்ட சட்டை. ஆனால் அவர்தான், அக்கா. என்னைத் தூக்கியவர். குரல் கேட்டவுடன் தெரிந்துவிட்டது. விசில் ஊதும் வேலை அவருடையது, ஊதிய கையோடு படியில் குதித்து இறங்கியதும் அவர்தான். நீ புகார் எழுதியிருப்பது அவர் மேல்.

கோபமாகப் பேசவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வேலையைப் பற்றி நான்தான் கேட்டேன். பதினோரு வருடமாக அந்த வேலையாம். இப்போது மைத்துனர் கடையில் மூட்டை தூக்குகிறாராம். என் மகன் குறுக்கே விழுந்து கொஞ்சம் கடுமையாகப் பேசினான். அவர் எழுந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்து இவ்வளவுதான் சொன்னார்:

"நான் ஊதினேன்மா. பலகையில போட்டிருக்கிற மாதிரி ஒரே நீள விசில். பாறையில இருந்த அத்தனை பேரும் கரையேறிட்டாங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும் சிலை மாதிரி நின்னீங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. ஏன்னுதான் எனக்குப் புரியலை. வேலை போனா போகட்டும், அதை மட்டும் சொல்லுங்க. தூங்க முடியலை."

போய்விட்டார். மகன் கதவைச் சாத்திவிட்டு, "எப்படி நடிக்கிறான் பாரும்மா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. எதற்கென்று கேட்காதே.

வாலு


செப்டம்பர் 4

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விசாரணை நிலுவையில் இருக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியின் வீட்டுக்கு வருவது முறைகேடு. உன் மகன் இருந்தும் அவரை உள்ளே விட்டது அதைவிடப் பெரிய தவறு. இனிமேல் வந்தால் கதவைத் திறக்க வேண்டாம்.

நீ அவரிடம் என்ன சொன்னாய்? "ஒன்றும் சொல்லவில்லை" என்பது உன் மகன் பேசியதற்கு. அந்த மனிதர் கேட்டதற்கு? சொன்னதைச் சொன்னபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுது.

இங்கே மழை விட்டபாடில்லை. திங்கட்கிழமை காலை குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கூடத்துக்கு வந்தது. நான் நாற்காலி மேல் ஏறிக் காலை மடித்து உட்கார்ந்துகொண்டேன். குழாய் ரிப்பேர்காரர் வரும்வரை இரண்டு மணி நேரம் இறங்கவில்லை. வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "வாஷர் போயிருக்கு, அவ்வளவுதான் பாட்டி. எலியப் பார்த்த மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றார். பாட்டி என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். நாற்காலியிலிருந்து சொன்னதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

தண்ணீர் பாதத்தை மூடும் உயரம்கூட இருக்காது. அரை அங்குலம்.

பதிலை உடனே போடு.

அக்கா


செப்டம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நடைவண்டியை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். நீ நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று படித்து மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் குளிக்கும்போது வாளியில்தான் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்கிறேன். மேலிருந்து விழுகிற தண்ணீருக்கு அடியில் என்னால் நிற்க முடியவில்லை.

நீ கேட்டபடி, அவரிடம் நான் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்: "கால் வலிக்குதுங்க." அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

அக்கா, நமது கான்வென்ட்டில் மணி அடிக்கிற உரிமை உன்னிடம் இருந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? நீ பத்தாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. விளையாட்டு நேரம் முடிந்து முதல் மணி அடித்தால், எங்கே எப்படி இருக்கிறோமோ அப்படியே உறைந்து நிற்க வேண்டும். பந்து காற்றில் இருந்தால்கூடப் பிடிக்கக் கூடாது. இரண்டாவது மணி அடித்த பிறகுதான் நகர்ந்து வரிசைக்கு வர வேண்டும். ஒரு நாள் முதல் மணிக்குப் பிறகு என் மூக்கில் ஈ உட்கார்ந்தது. கையைத் தூக்கி விரட்டினேன். மதர் பார்க்கவில்லை. நீ பார்த்தாய். என்னைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிட்டு, கொடிக் கம்பத்தடியில் மத்தியானம் வரை நிறுத்தினாய். வீட்டுக்கு வரும் வழியில், தங்கச்சி என்றால் சட்டம் வேறா என்று கேட்டாய். எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு நான் அசைந்ததே இல்லை.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படுத்துக்கொண்டே இருந்தால் பழையது எல்லாம் வருகிறது.

முதல் இரண்டு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டேன். மூன்றாவது காலியாக இருக்கிறது. உன் கடிதம் வரும்வரை பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.

வாலு


அக்டோபர் 1

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். அம்மா கடிதம் போட்டு இரண்டு வாரமாகியும் உங்களிடமிருந்து பதில் இல்லை. போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டேன். நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள், ஆனால் வெளியே வருவதில்லை என்றார்.

அம்மா ஒரு நாளைக்கு மூன்று முறை தபால் வந்ததா என்று கேட்கிறார். விசாரணைத் தாளில் மூன்றாவது பதிலை நானே எழுதித் தருகிறேன், விசில் கேட்கவில்லை என்று ஒரு வரிதானே என்றேன். தாளைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "அக்கா சொல்லணும்" என்கிறார். அனுப்ப ஒன்பது நாள்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உங்கள் மகன் போன்றவன்


அக்டோபர் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. இத்தனை கடிதத்திலும் நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக.

குக்கரின் ரப்பர் வளையத்துக்கு ஒன்றும் இல்லை. புதியது. அது விசில் அடித்தால் என் கை கால் அப்படியே நின்றுவிடுகிறது. முதல் தடவை அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையை நீட்டி அணைக்க முடியவில்லை. போன் மணிக்கும் அப்படித்தான். அதனால்தான் உன் மகனுக்குப் போனை எடுக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள், தபாலுறை வாங்கத் தெருவைக் கடந்தேன். பாதி வழியில் அந்தப் போக்குவரத்துக் காவலர் விசில் ஊதினார். நின்றுவிட்டேன். இரண்டு பக்கமும் வண்டிகள் கிறீச்சிட்டன. ஒரு ஸ்கூட்டர்காரர் என் புடவையை உரசிக்கொண்டு போய் விழப் பார்த்தார். காவலர் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார். சின்ன வயதுக்காரர். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, ஊதினா போகணும். நீங்க ஏன் நிக்கிறீங்க?"

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "இரண்டாவது மணி இன்னும் அடிக்கலியே" என்றேன். அவர் என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து வெளியே போகவில்லை. இதை எழுதப் பதினான்கு நாளாயிற்று.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முதல் கடிதத்திலும் இதையேதான் சொன்னேன். அதில் இருந்தது வரிசை மட்டும்.

நுழைவாயிலில் இருந்த பலகையை நான் படித்தேன். ஒரு நீண்ட விசில், உடனே கரையேறவும் என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. டிக்கெட் கொடுப்பவரிடம் அதைச் சுட்டிக்காட்டினேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அக்கா, அருவியைப் பார்க்க வந்தோமா, பலகையைத் திருத்த வந்தோமா?" என்றாய். பிழையைப் பார்த்தேனே தவிர, சொன்னதை மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை.

விசில் ஊதினார். தெளிவாகக் கேட்டது. அருவிச் சத்தத்துக்கு மேலே, நீளமாக, ஒரே விசில். நீ உடனே கரைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"முதல் மணி. அசையாதே" என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி வேடிக்கை. மீதிப் பாதி என்ன என்று நீ கொடிக் கம்பத்தை எழுதிய பிறகுதான் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாய். நானும் சிரித்தேன். அந்த மனிதர் பார்த்தது அதைத்தான்.

பிறகு அருவியின் சத்தம் மாறியது. அடித் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி. தண்ணீரின் நிறம் பழுப்பாயிற்று. அது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய். "அக்கா?" என்று கேட்டாய். ஒரு தடவைதான். மணிக்கட்டை இழுக்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கரையில் அத்தனை பேர் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் பயந்து ஓடுவதா என்று ஒரு கணம். இரண்டாவது விசில் ஊதட்டும், கௌரவமாக நடந்து போகலாம் என்று இன்னொரு கணம். இரண்டாவது விசில் வரவில்லை. ஊத வேண்டியவர் நம்மைப் பிடிக்கப் படியில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. என் வலது கையில் உன் மணிக்கட்டு. இடது பக்கம் சங்கிலி எட்டவில்லை. உன்னை விட்டுவிட்டு ஒரு எட்டு எட்டிச் சங்கிலியைப் பிடித்தேன். உனக்குக் கால் வழுக்கவில்லை. நான் விட்டேன்.

நான் கரைக்கு ஓடவில்லை என்று எழுதினேன். அந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான் முழு உண்மை. ஓடியிருக்க வேண்டும். விசில் கேட்டவுடன், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உன்னையும் இழுத்துக்கொண்டு, ஊரே சிரித்தாலும் ஓடியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை உன்னை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன நேரத்தில் நான் வீட்டுக்கு வந்து தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன்.   "விசில் ஊதப்படவில்லை" என்ற வரியை அடித்தபோது ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. உன்னைத் தூக்கியவர்தான் அவர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். சொல்ல மாட்டேன்.

இன்று காலை அலுவலகத்துக்கு என் வாக்குமூலத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கீழ் வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். சாலையைக் கடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுதியது இதுதான்: அருவிக் காவலர் விசில் ஊதினார், ஊத வேண்டிய நேரத்தில் ஊதினார், கேட்டது, அசையாமல் நின்றது நான், என் தங்கையை நிற்க வைத்ததும் நான், புகார் பொய். மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று உனக்கு இத்துடன். மற்றொன்றை, நாம் ஏன் நின்றோம் என்ற காரணத்தையும் எழுதி, அந்தக் காவலருக்கு அலுவலக விலாசத்தில் அனுப்பியிருக்கிறேன். அவர் தூங்கட்டும். பொய்ப் புகாருக்காக என்மேல் என்ன நடவடிக்கை எடுப்பார்கள் என்று தெரியவில்லை. எடுக்கட்டும்.

அதற்கெல்லாம் எனக்குப் பயமில்லை. நீ முதல் கடிதத்திலிருந்தே எல்லாவற்றையும் அறிந்திருந்தாயா, அல்லது பச்சைத் தண்ணீர் உண்மைதானா என்று எனக்குத் தெரியவில்லை. அறிந்துகொண்டேதான் "நீ சொல்வதை எழுதுகிறேன்" என்று எழுதினாய் என்றால், பாறையில் பிடித்த மணிக்கட்டை நான் இன்னும் விடவில்லை என்று அர்த்தம். அதை நினைத்தால்தான் கை கால் ஓடவில்லை.

எனவே மூன்றாவது கேள்விக்கு என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். என் வாக்குமூலத்தைப் பார்த்து எழுதாதே. உன் மகனையும் கேட்காதே. உனக்கு என்ன நினைவிருக்கிறதோ அதை எழுதி, பத்தாம் தேதிக்குள் அனுப்பு.

பிறகு எனக்கு எழுது. நான் உன்னைப் பிடித்தது, விட்டது, இரண்டில் எதை உன்னால் மன்னிக்க முடியவில்லை என்று எழுது. இரண்டையும் என்றால் அப்படியே எழுது. போனில் வேண்டாம், மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். பென்சிலானாலும் பரவாயில்லை, வரி கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. உன் கையெழுத்தில், தபாலில், எனக்குப் பதில் போடு.

அக்கா